வஞ்சிரம் சத்தம்

வண்டியின் சைலன்சர் சத்தத்தைக் கேட்டே அது என்ன மீன் என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சைலன்சர் நைனா. அவருடைய நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கே மறந்து போயிருக்கும்.

ஞாயிறு காலை நொச்சிக்குப்பம் கடற்கரையிலிருந்து அவருடைய பிக்கப் வண்டி வரும். நைனா ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி தனம் "மீனேய்..." என்று ஒரு குரல் கொடுப்பார். குளித்துக்கொண்டிருப்பவர்கூடத் துண்டோடு எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட குரலுக்கு டாக்டர் தடை போட்டுவிட்டார். தொண்டையில் வீக்கமாம். இனியும் கத்தினால் குரலே போய்விடுமாம்.

அடுத்த வாரம் நைனாவே கூவினார். அவருக்கு வாய்த்தது குருவிக் குரல். பஞ்சுமிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் ஓடி வந்தன. மீன் வந்த வழியே திரும்பிப் போனது.

"ரெக்கார்டு பண்ணின குரல் விக்கறாங்களே நைனா, ஒரு ஸ்பீக்கர் கட்டிடுங்களேன்" என்றேன்.

"இன்னா சார் நீ! வேற பொம்பள கொரலு என் வண்டில கூவிக்கினு வந்தா, அப்பால வூட்ல எனக்கு சோறு கீதா?"

ஆகவே வண்டியே கூவ வேண்டும் என்று முடிவானது. நல்ல சத்தமாக ஒரு சைலன்சர் தேடி, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். நான் எதற்கு?

"நீதான் மீனே துன்ன மாட்டியே. ஓரவஞ்சன இல்லாம சொல்லுவ. வா."

கடையில் மெக்கானிக் ஒவ்வொரு சைலன்சராக மாட்டி வண்டியை உறுமவிட்டார். நைனா கண்ணை மூடிக் கேட்டார்.

"இது நெத்திலி. பொடி சத்தம். கழட்டு."

அடுத்தது பளபளவென்று இருந்தது. "சங்கரா. பாக்க செவசெவன்னு கீது, உள்ள பூரா முள்ளு."

மூன்றாவது. "கெளுத்தி. மீசய தவிர இன்னா கீது இதுல?"

"அண்ணே, இது சைலன்சர் கடை. மீன் மார்க்கெட் இல்ல" என்றார் மெக்கானிக், அழாத குறையாக.

"எனுக்கு வஞ்சிரம் சத்தம் வோணும்பா. தடியா, வழவழன்னு, தெருக்கோடி வரிக்கும் போவணும்."

"அப்போ ஏர் ஃபில்டரையும் மாத்தணும். காத்து தாராளமா உள்ள போனாதான் சத்தம் தாராளமா வெளிய வரும்."

நைனாவின் முகம் மலர்ந்தது. "கரீட்டு! என் பொண்டாட்டியும் மூச்ச நல்லா இஸ்துக்கினுதான் கூவும்."

மெக்கானிக் மூடியில்லாத ஓபன் ஃபில்டர் ஒன்றை நீட்டினார். சத்தம் இதில்தான் அதிகம் என்றார். கடற்கரை வண்டிக்கு மணல் போகுமே என்று நைனா கேட்டார். கொஞ்சம் போகும் என்றார் மெக்கானிக். நைனா மணல் புகாதபடி மூடிய பெட்டியோடு வரும் ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சத்தம் கொறஞ்சா கொறயட்டும். மணல இஸ்தா இதுக்கும் தொண்ட போயிடும். ஒரு வூட்ல ஒரு தொண்ட போனது போதாதா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்த ஞாயிறு வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பூனைகள் வரிசை கட்டின. தனம் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்குப் பேரு சைலன்சராம்யா!" என்று கிசுகிசுத்தார். ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. நைனாவுக்குப் பட்டப்பெயர் கிடைத்ததும் அன்றைக்குத்தான்.

சில மாதம் ராஜ வாழ்க்கை. பிறகு ஒருநாள் டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை மடக்கினார்.

"என்னய்யா சத்தம் இது?"

"வஞ்சிரம் சார்."

"நான் மீனைக் கேக்கல."

"நானும் மீன சொல்லல சார்."

அங்கேயே சைலன்சரைக் கழற்ற வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, பழைய சைலன்சரோடு வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. யாருக்கும் தெரியவில்லை. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தனம் பொறுக்க முடியாமல் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். நைனா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார்.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பூண்டுகூட நுழையாத வீட்டின் பால்கனியிலிருந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"மீனேய்... வஞ்சிரமேய்..."

என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏன்னா! ஆத்துல நின்னுண்டு என்ன கூப்பாடு இது? எதிராத்து மாமி என்ன நினைச்சுப்பா?"

எதிராத்து மாமி நினைத்தது இருக்கட்டும். தெருவில் கதவுகள் திறந்தன. பாத்திரங்கள் இறங்கி வந்தன. கீழேயிருந்து நைனா காதில் கையை வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"சார்! இது நெத்திலி சத்தம்! இன்னும் கொஞ்சம் மூச்ச இஸ்து!"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கூவுகிறேன். அவரும் கீழே நின்று திருத்திக்கொண்டே இருக்கிறார். போன வாரம்தான் சங்கராவுக்கு வந்திருக்கிறேன். வஞ்சிரம் வந்துவிட்டால் திருத்துவதை நிறுத்திவிடுவாரோ என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.