ஸ்டெப்னியும் ஜோடி சேராத ரேமும்

ஏப்ரல் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு என் கணினி முதன்முறையாகத் தானே அணைந்து தானே உயிர்த்தெழுந்தது. பத்து நாற்பத்தொன்பதுக்கு மறுபடியும். பதினொன்று ஐந்துக்கு நான் ஸ்டெப்னியை அழைத்தேன்.

ஸ்டெப்னி அளவுக்கு உலகத்தை நம்பாத மனிதர் திருச்செங்கோட்டில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கவும் வழியில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளில் பதினைந்து ஆண்டுகள் ஃபிட்டராக இருந்துவிட்டுக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். எதற்கும் மாற்று ஒன்று கையிலில்லாமல் படி இறங்கமாட்டார்; லாரியின் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னி அவருக்குப் பட்டப்பெயரானது அதனால்தான். இரண்டு பேனா, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு கைப்பேசி. தம் திருமணத்தன்று சட்டைப்பையில் உபரியாக ஒரு மஞ்சள் கயிறும் வைத்திருந்தார் என்பார்கள். அவர் மனைவி அதை மறுத்ததில்லை, மன்னித்ததும் இல்லை.

என் முதுகலை ஆய்வேட்டை மறுநாள் பதினொரு மணிக்குள் துறையில் ஒப்படைத்தாக வேண்டும். இருநூற்றுக்கும் மேற்பட்ட நடுகல் படங்கள் கொண்ட அந்தக் கோப்பைத் திறந்தாலே கணினியின் நினைவக அட்டையான பழைய ரேமுக்கு மூச்சு வாங்கியது. துணைக்கு ஒரு புது ரேமை நானே வாங்கி, நானே பொருத்தினேன். கம்பெனி வேறு, வேகம் வேறு. அது குற்றமென்று எனக்குத் தெரியாது.

ஸ்டெப்னி வந்தார். கணினிப் பெட்டியின்மீது காதை வைத்து இன்ஜினைக் கேட்பதுபோல் கேட்டார். மூடியைக் கழற்றியவர், துக்கம் விசாரிக்க வந்தவர்போல் கைகட்டி நின்றார்.

"ஏனுங்க சாமி, லாரியில பின்னாடி ஜோடி டயரு ஓடுதே, அதுல ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சதுன்னு மாட்டுவீங்களா?"

நான் லாரி வைத்திருந்ததில்லை என்று பணிவுடன் தெரிவித்தேன்.

"மாட்டுனா அத்தன லோடும் புதுசு மேலயே ஏறி வெடிச்சுப் போயிருமுங்க."

இரண்டையும் தனித்தனியே போட்டுச் சோதித்தார். தனித்தனியே இரண்டும் உத்தமம். சேர்ந்தால்தான் சண்டை. பழையதன் ரகத்திலேயே இன்னொன்று சேலத்திலிருந்து வர இரண்டு நாளாகும் என்பதால், வேகமானதை மெதுவானதன் நடைக்குக் குறைத்து வைத்தார்.

"நம்ம மலை மேல சாமியே ஆணும் பொண்ணுமாப் பாதிக்குப் பாதி சேந்துதானுங்க நிக்குது. இதுக ரெண்டும் நிக்காதா?"

பிறகு, புது லாரிக்குச் செய்வதுபோல் பெட்டியின் நான்கு கால்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, பெட்டியை ஓர் அடி முன்னே தள்ளினார். மூன்று நசுங்கின. உருண்டோடிய நான்காவதை அம்மா எடுத்துப்போய்ச் சாதத்தில் பிழிந்துவிட்டாள்.

அவர் ஓடவிட்ட ரேம் சோதனை இரண்டு சுற்று தாண்டியது. மூன்றாவது சுற்றில் திரை முழுவதும் சிவந்தது. நான்காவது பழம் போன எங்கள் சமையலறையை ஸ்டெப்னி ஒருமுறை பார்த்தார். என் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். "வாரேனுங்க" என்று மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

இருபது நிமிடத்தில் திரும்பியவர், சட்டைப்பையிலிருந்து ஒரு ரேமை எடுத்தார். என் பழையதன் இரட்டைப் பிறவி. அதே கம்பெனி, அதே வேகம், ஏறக்குறைய அதே அளவு தூசி.

"ஸ்டெப்னி இருந்துச்சுங்க" என்றார்.

என் புது ரேமைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாலை ஏழு மணி வரை கணினி இமைக்கவில்லை. ஆய்வேடு முடிந்தது.

மறுநாள் காலை பத்து இருபதுக்கு அதை ஒப்படைத்துவிட்டு, நன்றி சொல்ல அவர் கடைக்குப் போனேன். பழுதுக்கு வந்த பெட்டிகளைப் பதிவுசெய்ய ஆட்கள் காத்திருந்தார்கள். கடைக் கணினி, நான் நின்ற பத்து நிமிடத்தில் இரண்டுமுறை தானே அணைந்து தானே உயிர்த்தெழுந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே, ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்ற அவருடைய பழைய ரேமுக்குப் பக்கத்தில் என் புது ரேம்.

என் வேலை முடிந்துவிட்டது, உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஓடுற ஜோடியப் பிரிக்கக் கூடாதுங்க சாமி."

 பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அவருடைய இரண்டாவது பேனாவைக் கேட்டு வாங்கி, வந்த பெட்டிகளுக்கெல்லாம் மதியம் வரை பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டினேன். அந்தப் பேனாவின் மூடி அன்றுதான் முதன்முறையாகக் கழன்றதாம்.