பாஸ் என்பது பாஸ்கலில் பாதி

சேசு மரி சூசை துணை

பேக்டரி குவார்ட்டர்ஸ், ஆவடி
27-6-1992, சனிக்கிழமை

திருச்சி நீதிமன்றத்தின் தூண்களில் ஒன்றும், என் தங்கை சாராள் பெற்ற ஒரே சிங்கமும், கறுப்புக் கோட்டுக்கே களை கொடுத்தவனுமாகிய அருமை மருமகன் ஜெயபாலுக்கு, தாய்மாமன் பாஸ்கல் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை சகாயம்மாளும் சுகம். சுவர்கள்தான் சுகமில்லை. அவ்விடம் உன் அம்மா, உன் மனைவி, குழந்தைகள், நீங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சுவர்கள் ஆகியோரின் சுகத்துக்கு உடனே எழுதவும். வாடகை வீடுதானே என்று விசனப்படாதே. ஓட்டைக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பவன் பாக்கியவான். அதை மொத்தமாக விலைக்கு வாங்கியவன் உன் மாமன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் பேனா இரண்டு இடத்தில் பேப்பரைக் கிழித்துவிட்டது, மன்னித்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் பேக்டரியில் இன்ஸ்பெக்டராக இருந்து, ஒரு தலைமுடியைப் பத்தாக வகிர்ந்து அதில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் "போ வெளியே" என்று இரும்பையே அழ வைத்துத் திருப்பி அனுப்பிய நான், ஏப்ரல் முப்பதாம் தேதி மாலையும் மரியாதையுமாக ரிட்டையர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இரண்டு மாதத் தவணை. வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் சேக்காட்டில் நான் கட்டுகிற வீட்டுக்குள் குடிபோக முடியாவிட்டால், நானும் உன் அத்தையும் எங்கள் கோத்ரெஜ் பீரோவும் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். பீரோவுக்காவது பூட்டு இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்த அவல நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவன் பெயர் திருவேங்கடம். அம்பத்தூர்க்காரன். போன வருஷம் ஆகஸ்டில் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். "திருவேங்கடம் அண்ட் கோ, வீடு கட்டுபவர்கள்" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. 'கோ' என்றால் யாரப்பா, பெரிய கம்பெனியோ என்று கேட்டேன். "கோவிந்தன் சார், நம்ம மேஸ்திரி" என்றான். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உட்கார்ந்து காப்பி கொடுத்தேன். பி.எஃப்.பில் லோன் போட்டு எடுத்த பணத்தையும் கொடுத்தேன். அதற்கு மேல் தேக்குக் கதவு, ஜன்னலுக்கென்று தனியாகப் பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குப் புது வீட்டில் கேக் வெட்டலாம் சார் என்றான். எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டை வர்ணிக்க இந்தக் கடிதம் போதாது, ஒரு புராணம் வேண்டும். கலவை ஒன்றுக்கு ஆறு என்றான். ஒரு கூடை சிமெண்டுக்கு ஆறு கூடை மணல் என்று நான் நினைத்தேன். ஒரு மூட்டைக்கு ஆறு லாரி என்று பிறகுதான் விளங்கியது. அதுவும் மணலா? ஏரிச் சவுட்டு மண்! தொட்டிச் செடிக்குப் போட்டால் செடியே வேண்டாம் என்று எட்டிக் குதித்துவிடும். ஹாலில் வைத்த கோலிக்குண்டு சமையலறை வரைக்கும் தானாக நடந்துபோய், அங்கே திரும்பி, குளியலறையை எட்டிப் பார்க்கிறது. குளியலறைத் தண்ணீரோ நேராக ஹாலுக்கு வந்து நலம் விசாரிக்கிறது. நான்கு மூலைகளில் ஒன்றாவது மூலைமட்டத்துக்கு ஒத்து வரவேண்டுமே! கட்டிலை உள்ளே போட்டால் ஒரு கால் சுவரில் முட்டுகிறது, ஒரு கால் அந்தரத்தில் ஜபம் செய்கிறது. படுக்கையறையில் நான் சுவிட்சைத் தட்டினால் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. அந்த அம்மாள் நன்றி வேறு சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் ஸ்பீடா வெய்ங்கண்ணே, புழுக்கமா கீது!"

தேக்குக் கதவு வந்த கதையைக் கேள். பார்சல் பெட்டியை உடைத்த பலகை, மருமகனே! உள்பக்கம் இங்கிலீஷில் 'இந்தப் பக்கம் மேலே' என்று கறுப்பு மையில் அச்சடித்து அம்புக்குறி போட்டிருக்கிறது. அந்த அம்புக்குறியாவது வானத்தைப் பார்க்கிறதா? தரையைப் பார்க்கிறது! கதவையே தலைகீழாக மாட்டியிருக்கிறான்! இது தேக்கா என்று கேட்டால், "ஆர்டர் குட்த்த தேக்கு மரக்கடையில கீது சார், மரக்கடைக்காரன்தான் இல்ல, ஆந்திரா பக்கம் பூட்டான்" என்கிறான். பதினைந்தாயிரமும் கூடவே ஆந்திரா போய்விட்டது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு இதுவரை பதின்மூன்று மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. அவருக்குத் தெலுங்கு தெரியாதோ என்னவோ.

எப்படியும் முப்பதாம் தேதிக்குள் குடிபோக வேண்டுமே என்று, அந்தோணியார் திருநாளான ஜூன் பதின்மூன்றாம் தேதி வீடு மந்திரிப்பு வைத்து, கார்டு அடித்து, பேக்டரி நண்பர்கள் அறுபது பேரைக் கூப்பிட்டு, பிரியாணி சொல்லிவிட்டேன். பங்குச் சாமியார் வந்தார். சாதுவான மனுஷர், எறும்புக்கும் 'ஸ்தோத்திரம்' சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார். ஜபம் சொல்லி, ஹாலின் வடக்குச் சுவரில் தீர்த்தத்தைத் தெளித்தார். தெளித்த இடத்தில் பூச்சு பொத்தென்று விழுந்தது. சாமியார் சாத்தானைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், இன்னொரு தடவை பலமாகத் தெளித்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இன்னொரு துண்டு விழுந்தது, உள்ளே செங்கல் பல்லை இளித்தது. மூன்றாவது தெளிப்புக்குச் சுவர் சிந்து நதிக்கரை அகழ்வாராய்ச்சி மாதிரி ஆகிவிட்டது. சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் காதோடு சொன்னார்: "பாஸ்கல், மீதி ரூமை எல்லாம் வெளியே நின்னே மந்திரிச்சுடறேன். உள்ளே ஜனங்க இருக்காங்க."

இத்தனை அமளியிலும் திருவேங்கடம் எங்கே இருந்தான் தெரியுமா? பந்தியில் இருந்தான்! மூன்றாவது தட்டில், எலும்போடு. நான் சிங்கம்போல் பாய்ந்து, கை கழுவக்கூட விடாமல், அறுபது சாட்சிகள் முன்னால் நிறுத்தி, "என்னடா இது, சுவரா, மசால் வடையா?" என்று கேட்டேன். அவன் பதறவே இல்லை. இடது கையால் இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை உருவிச் சாமியாரிடம் நீட்டினான்.

இங்கேதான், மருமகனே, உன் வக்கீல் மூளை தேவைப்படுகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன். நான் தினமும் சைட்டுக்குப் போய் மேற்பார்வை பார்ப்பேன் அல்லவா, அப்போதெல்லாம் இவன் அந்த நோட்டை நீட்டி, "நீங்க இன்ஸ்பெக்டரு. உங்க கண்ணு பட்டாலே செங்கல்லு நேரா நின்னுக்கும். வந்து பாத்ததுக்கு ஒரு கையெயுத்து போடுங்க சார்" என்பான். பேக்டரியில் எனக்கு நம்பர் முத்திரைதான், கையெழுத்துக்கு வேலையே இல்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட ஏங்கிய கை இது. ஆகவே நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, பெயரைச் சுருக்கி, கீழே ஒரு சுழி சுழித்து ராஜ கம்பீரமாகப் போட்டேன். பாஸ்கலைச் சுருக்கினால் என்ன வரும்? நீயே சொல்.

சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "அஸ்திவாரம். பாஸ். கதவு நிலை. பாஸ். தளம். பாஸ். உள்பூச்சு. பாஸ்." அவர் குரலுக்கு அது மன்றாட்டு மாலை மாதிரியே கேட்டது. பின்வரிசையில் இரண்டு கிழவிகள் பழக்க தோஷத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தோரு பாஸ்!

"டேய், அது பாஸ் இல்லடா! பாஸ்கல்! என் பேர்ல பாதி!" என்று கத்தினேன்.

"மீதி எங்க சார்?"

"மீதியைச் சுருக்கிட்டேன்!"

"நீங்க பேரைச் சுருக்கலாம், நான் சிமிட்டியச் சுருக்கக்கூடாதா? இன்னா சார் நாயம் இது?"

அறுபது பேரும் சிரித்தார்கள். என் பிரியாணியைத் தின்றுகொண்டே சிரித்தார்கள்! மேஸ்திரி கோவிந்தன் வேறு நடுவில் புகுந்து, "நைனா, நீயே பாஸ் போட்டுட்டு நீயே பெயிலுன்னா, பையன் இன்னாதான் பண்ணுவான்?" என்றான். அவன் சொல்கிற பையனுக்கு ஐம்பது வயது, வழுக்கை, முதலியார்குப்பம் தர்பூசணி சைஸில் தொப்பை! அன்று எனக்கு வந்த கோபத்தை ஒரு பாய்லருக்குள் அடைத்திருந்தால் ஆவடியிலிருந்து அரக்கோணம் வரை ரயில் ஓட்டியிருக்கலாம்.

அதிலிருந்து இரண்டு வாரமாக ஆள் கண்ணில் படவில்லை. அம்பத்தூரில் அவன் வீட்டுக்கு நான்கு முறை போனேன். நான்கு முறையும் கேட்டுக்கு வெளியிலேயே, "சைட்டுக்குப் போயிருக்காரு" என்று பதில். சைட்டுக்கு வந்தால், "ஊட்டுக்குப் பூட்டாரு" என்று கோவிந்தன். இரண்டுக்கும் நடுவில் இந்த ஜந்து எங்கேதான் வசிக்கிறது? உன் அத்தையோ என்னைத் திட்டக்கூட மாட்டேன் என்கிறாள். பேசாமல் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள். "எங்கேடி போகப் போறோம்?" என்று கேட்டால், "நீங்க கையெழுத்து மட்டும் எங்கயும் போடாம இருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறாள். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்ட முதல் இரண்டு வாரம் இதுதான். பயமாகத்தான் இருக்கிறது, ஜெயபால். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? இந்த வயதில் அவளை வீதியில் நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடி. ரயிலிலேயே கோட்டை மாட்டிக்கொள், நீ எழும்பூரில் இறங்கும்போதே அவன் அம்பத்தூரில் அட்வான்ஸை எண்ணத் தொடங்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் இங்கிலீஷில் இருக்கட்டும், ஒவ்வொரு வார்த்தையும் கூட்ஸ் வண்டி நீளம் இருக்கட்டும். பாதிப் பெயருக்கு முழு அர்த்தம் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் வரை போய் நிரூபி. கன்ஸ்யூமர் கோர்ட்டிலும் ஒன்று போடு. அட்வான்ஸை வட்டியோடு வாங்கு. வாங்க முடியாவிட்டால் அவன் தொப்பையையாவது ஜப்தி செய். நான் சாகும் வரை அந்தத் திருவேங்கடத்தின் வாசல்படியை மிதிக்க மாட்டேன், அவன் வீட்டுப் பச்சைத் தண்ணீரைத் தொட மாட்டேன். இது அந்தோணியார் மேல் ஆணை!

தங்கை சாராளுக்கு என் அன்பு. உன் மனைவிக்கு ஆசி. குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், அவர்கள் கன்னங்கள் எங்கள் சுவரைப்போல் உதிராமல் இருக்கக் கடவன. அந்தோணியார் முதலான சகல அர்ச்சிஷ்டர்களும் உன் நாவில் குடியிருந்து வாதாடட்டும். அவர்களுக்காவது குடியிருக்க ஓர் இடம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
முழுப் பெயரும் விடாமல் எழுதும் உன் தாய்மாமன்,
சூசை மாணிக்கம் பாஸ்கல்

பின்குறிப்பு (1-7-1992, புதன், அம்பத்தூர்): தபாலில் சேர்ப்பதாக வாங்கிப் போன கடிதத்தை உன் அத்தை சேர்க்கவே இல்லை. மேலே கண்டதை எல்லாம் படித்துவிட்டு மறந்துவிடு. நோட்டீஸ் வேண்டாம், கோட்டும் வேண்டாம். நேற்றுக் காலை உன் அத்தை மூன்று மீன்பாடி வண்டி கொண்டுவந்து பீரோ, கட்டில், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். சேக்காடு போகிறோம் என்று நினைத்து நானும் மாதா சொரூபத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். வண்டி வந்து நின்றது திருவேங்கடத்தின் வீட்டு வாசலில்! அவன் மனைவி வரலட்சுமி கதவைத் திறந்தாள். "உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டை முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதாம்மா இருக்கப் போறோம்" என்று உன் அத்தை சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டிலை உள்ளே தள்ளினாள். அந்தப் பெண், "வாங்கக்கா, இந்த மனுசன யார்னா இப்டி கேக்க மாட்டாங்களான்னுதான் பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லி ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட வந்த திருவேங்கடம், தன் ஈஸிசேரில் நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சேக்காட்டுக்கு ஓடினான். வடக்குச் சுவரை இடித்து மறுபடி எழுப்புகிறார்களாம். ஆந்திராவுக்குப் போன மரக்கடைக்காரன் திரும்பி வந்து, தேக்கை மாட்டு வண்டியில் அனுப்பிவிட்டானாம்.

ஆனால் ஜெயபால், இந்த வீடு! இரவெல்லாம் ஒவ்வோர் அங்குலமாகத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு குறை அகப்படவில்லை. கதவு ஒற்றை விரலுக்கு மூடுகிறது, தரை பனிக்கட்டிபோல் குளிர்கிறது, வரலட்சுமி வைக்கிற வத்தக்குழம்புக்கோ மோட்சத்தில்கூட ஈடு கிடையாது. இவ்வளவு நன்றாகக் கட்டத் தெரிந்தவன் எனக்கு மட்டும் ஏனம்மா இப்படிச் செய்தான் என்று கேட்டேன். "இத்த அவரா கட்டனாரு? எங்கப்பா வேற மேஸ்திரிய வெச்சு கட்டனது. முடியற வரைக்கும் இவர உள்ளயே உடல" என்றாள். சாயங்காலம் கோவிந்தன் வந்து, பதினைந்து நாளில் முடித்துவிடுகிறோம் நைனா என்று கையைப் பிசைந்தான். அவனைத் தெருமுனைக்கு அழைத்துப் போய், டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்து, அவசரமே இல்லையப்பா, நிதானமாகக் கட்டு, தீபாவளி தாண்டினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அத்தைக்கு எழுதிவிடாதே.