அளவறிந்து விட்ட எண்ணெய்

“நாலு நாளா எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி ஆறு மணிக்குத்தான். இண்டைக்கு அஞ்சரைக்குச் சந்திரமௌலி அண்ணை சாப்பிட வாறார். நான் தலைவராகிறதோ, தேத்தண்ணிக்குக் காவல் நிக்கிறதோ?”

கதிர்காமநாதன் இதை மூன்றாம் தடவையாகச் சொன்னார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மனைவி ரஞ்சினி மா அரிப்பதை நிறுத்தவுமில்லை.

“அண்ணைக்கு ஏழு மணிக்கு இரவு வேலை. அஞ்சரைக்கு இடியப்பம் மேசையில இருக்கவேணும், ரஞ்சினி.”

“அஞ்சுக்கு நான் பெல்லா அக்காவிட்ட இருக்கவேணும்.”

அடுத்த கிழமை கோயில் நிர்வாகசபைக்குத் தலைவர் தெரிவு. சந்திரமௌலியின் ஒரு கை உயர்ந்தால் கூடவே நாற்பது கை உயரும். அந்தக் கை உயர்வதற்கு முதலில் ரஞ்சினியின் இடியப்பத்துக்குள் இறங்கவேண்டும். ஆனால் அடுத்த கதவில் ஹனுக்கா, யூதரின் எட்டு நாள் விளக்குத் திருநாள்.

பெல்லா அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. உக்ரேனின் ஒடெசாவிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னர் ஜேர்மனியின் டோர்ட்மண்டுக்கு வந்த யூதப் பெண். வருஷாவருஷம் யூத மண்டபத்தில் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு அடை பொரித்த கை. இந்த முறை முழங்காலில் சத்திரசிகிச்சை, படியிறங்க ஏலாது. மண்டபத்தில் பொரிக்க ஆளில்லை. இளசுகள் பேர்லினுக்குப் போய்விட்டன. மண்டப வாசலில் நிரந்தரமாய் நிற்பது, யூதருக்கு வரும் மிரட்டலுக்குக் காவலான பொலிஸ் வாகனம் ஒன்றுதான். டுசல்டோர்ஃபிலிருந்து மகன் தினமும் போன் எடுக்கிறான். “விளக்கைக் குசினிக்குள்ள வையுங்கோ அம்மா. காலம் சரியில்லை.”

அக்கா தெருப்பக்க யன்னலில்தான் வைத்தார். “நாலு பேர் பாக்கத்தான் இந்த விளக்கு. ஒளிச்சு வைக்கிறதெண்டா ஏன் ஏத்துவான்?”

சபையில் மைக்கைப் பிடித்தாலே வேர்க்கிற கதிர்காமநாதனுக்கு அந்தத் துணிவில் உள்ளூர மரியாதை. துணைக்கு ரஞ்சினி போயிருந்ததிலும் மறுப்பில்லை. இடைஞ்சல் வேறு இடத்தில். விளக்கு எரிந்து முடியும்வரை பெண்கள் வேலை செய்வதில்லை என்று அக்காவின் ஆட்களிடம் ஒரு வழக்கம். மெழுகுதிரி ஒரு மணித்தியாலம் எரியும். ரஞ்சினி கேட்டாள், கேட்ட அன்றே கடைப்பிடித்தாள்.

“அது யூதப் பொம்பிளையளுக்கப்பா.”

“பொம்பிளையளுக்கு எண்டுதான் அக்கா சொன்னவ. நான் கொன்வென்ற்றில படிச்சனான். விதியெண்டா விதி.”

நாலரைக்குக் கதிர்காமநாதன் பெல்லா அக்காவின் கதவைத் தட்டினார். கையில் அன்பளிப்பு. மேசை லாச்சியில் கிடந்த பிறந்தநாள் கேக் மெழுகுதிரிகள். ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்தில் எரிந்து முடியும்.

அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஐஞ்சு வயசுப் பிள்ளைக்கு நல்லது, நாதன். எங்களுக்கு அரை மணித்தியாலமாவது எரியவேணும்.”

பின்னால் வந்த ரஞ்சினி மெதுவாகச் சொன்னாள். “அப்ப எண்ணெய் விடலாமெல்லோ அக்கா? இவர் கோயில் விளக்குக்குப் பதினொரு வருசமா எண்ணெய் விடுறவர். அரை மணித்தியாலமெண்டா அரை மணித்தியாலம்தான். அப்பிடி ஒரு கை.”

“என்ர அம்மாவும் எண்ணெய்தான் ஏத்தினவ,” என்றார் அக்கா. அலுமாரியிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. ஒலிவ் எண்ணெய் வந்தது. கதிர்காமநாதன் சட்டைக்கையை மடித்தார். கோயில் கணக்கு, கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

ஐந்து மணி. அக்கா நடுங்கும் குரலில் வாழ்த்துப் பாடி, ஐந்தாம் நாளுக்கான ஐந்து விளக்கையும், அவற்றுக்குச் சுடர் கொடுக்கும் துணை விளக்கையும் ஏற்றினார். எதிர்ப்பக்க நடைபாதையில் சைக்கிளோடு போன ஒரு மனிதர் நின்று பார்த்தார். ஒரு கையை உயர்த்தினார். அக்காவும் உயர்த்தினார். அவர் போய்விட்டார். கதிர்காமநாதனுக்கு ஒரு நிமிஷம் சந்திரமௌலியே நினைவில் இல்லை.

ஐந்தரைக்குச் சந்திரமௌலி அக்காவின் வீட்டுக்கே தேடி வந்துவிட்டார், மனைவி கமலநாயகியோடு. விளக்குகள் அசையவில்லை.

“எண்ணெய் குறையுதில்லையப்பா,” என்று கதிர்காமநாதன் ரஞ்சினியின் காதுக்குள் சொன்னார்.

“கோயில் திரி என்ர சுண்டுவிரல் மொத்தம். அக்காவின்ர திரி நூல். நீங்கள் விட்டதுக்கு எட்டு மணி தாண்டும்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் சொல்லேல்லை?”

“எண்ணெய் விடேக்க கதைச்சா உங்களுக்குக் கை தடுமாறுமெல்லோ.”

கமலநாயகி வழக்கத்தைக் கேட்டறிந்தார். “எல்லாப் பொம்பிளையளுக்குமோ?” என்று ஒருமுறை உறுதிப்படுத்தினார். கைப்பையைக் கீழே வைத்தார், சோபாவில் கால் நீட்டினார். “நல்ல சனம் அக்கா உங்கட சனம்.” மூவருக்கும் நடுவில் காலையிலேயே பொரித்து வைத்த அடைத்தட்டு வந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கதிர்காமநாதன் தன் குசினியில் இடியப்ப உரலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் உடுப்போடு சந்திரமௌலி தேங்காய்ப்பால் பிழிந்தார்.

“தலைவர் பதவியைப் பிறகு பாப்பம், நாதன். முதல் மாவைப் பாரும். கல்லாப் போச்சு.”

இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடந்தன. அக்காவின் வீட்டிலிருந்து மூன்று பெண்களின் சிரிப்புக் கேட்டது. கதிர்காமநாதன் சொதிக் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

“ஆராவது ஒராள் வந்து, இதில உப்புப் போட்டனானோ இல்லையோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்.”