துரை உதைத்த பூனை

ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. பினாங்கு பீச் ஸ்திரீட்டில், ரங்கூன் அரிசி இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நான்காம் நாள் காலையோடு அது முடிந்தது.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். (வீட்டில் அதற்குள் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.)

அன்று கப்பலில் வந்த அரிசி மூட்டைகள் மழையில் நனைந்துவிட்டன. வெள்ளைக்கார மானேஜர் அறையில் ஒரே கூச்சல். மழைக்குச் சம்பந்தமே இல்லாத டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடிதக் கட்டோடு உள்ளே போகக் கிளம்பிய என்னைத் தலைமைக் குமாஸ்தா காதர் அண்ணன் தடுத்தார்.

"இப்ப போகாதே லா, தம்பி. தொரை கிக்கிங் த கேட்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. பூனையை உதைக்கிறாரா? எலி பிடிக்க, மூட்டைகள் அடுக்கும் எங்கள் கிட்டங்கியில் ஒரு பூனை இருந்தது. அதுவும் சினைப் பூனை!

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். (அநீதியை எதிர்க்கப் போகிறவன் கதவைத் தட்டுவானா?) துரையின் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். பூனையைக் காணோம். அவருடைய பூட்ஸ்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "ஐயா, அது வாயில்லாத ஜீவன். உதைப்பதானால் என்னை உதையுங்கள்" என்று இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

"பூனையை உதைக்கிறேன் என்று யார் சொன்னது?"

உண்மை விளம்பியான நான் காதர் அண்ணன் பெயரைச் சொன்னேன்.

துரை அவரைக் கூப்பிட்டார். வியர்த்து நின்றவரை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு முகம் சிவக்க எழுந்துபோய் டைப்பிஸ்டிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வந்ததும் காதர் அண்ணன் பிடித்துக்கொண்டார். "மடையா! ஒருத்தன் மேல உள்ள கோவத்த இன்னொருத்தன் மேல காட்டுறதுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க!"

"அப்ப இப்ப நீங்களும்..."

"வாய மூடு லா! உன் மேல உள்ள கோவத்த உன் மேலதான் காட்டுறேன்!"

வேலை எப்படியோ நிரந்தரமாயிற்று. கல்யாணமும் ஆயிற்று. பந்தியில் காதர் அண்ணன் இந்தக் கதையை என் மனைவியின் காதில் போட்டுவிட்டுப் போனார்.

இன்றும் ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, காப்பி ஆறிவிட்டது என்று நான் வீட்டில் கத்தினால், அடுப்படியிலிருந்து அவள் குரலில் ஒரு "மியாவ்" மட்டும் வரும். உடனே பிள்ளைகள் மூவரும் சேர்ந்துகொள்வார்கள். அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது?