சீனத்துத் தவளையைப் பார்க்க வந்தவர்

ஒரு காட்டில், வரைபடத்தில் விட்டுப்போனதாலேயே பிழைத்துக் கிடந்த ஒரு காட்டில், ஒரு தேவாங்கு இருந்தது. உடம்பு சாண் அளவு, கண் மட்டும் பணியாரம் அளவு. இவ்வளவு பெரிய கண் இருக்கையில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அது வெகுநாள் நம்பியிருந்தது.

அதன் வீட்டில் முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரு சீனத்துத் தவளை கிடந்தது. பச்சைக்கல்லில் செதுக்கியது. மூன்றே கால். மேலெல்லாம் தவிட்டு நிறத்தில் அழுக்கு ஏறியிருந்தது.

மார்கழிப் பனியில் தேவாங்குக் குட்டி இருமிக்கொண்டே இருந்தது. போர்த்த ஒன்றுமில்லை.

"அந்தத் தவளையைக் குடுத்தாவது ஒரு போர்வை வாங்குங்க," என்றது பெண்தேவாங்கு.

பக்கத்து மரத்து அணில் தன் செல்போனில் படம் பிடித்து, 'பழைய சீனத்துத் தவளை, மாற்றுக்கு இறகுப் போர்வை' என்று போட்டது. மறுநாளே பதில் வந்தது. இமயமலைக்கு அப்பாலிருந்து வருஷா வருஷம் பறந்து வரும் வரித்தலை வாத்து. பழம்பொருள் சேகரிக்கிற ஆள். 'வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறேன். போர்வையோடு வருகிறேன்.'

பார்க்க வருகிறார்கள் என்றதும் தேவாங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு என்ன செய்வதென்று அதற்கு ஒரே வழிதான் தெரியும். தங்கைக்கு மூன்று தடவை செய்திருக்கிறது. கேசரி கிண்டியது. தவளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தது. எண்ணெய் தடவி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்தது. நாலாவது கால் இல்லாதது தெரியாமல் பட்டுத்துணி சுற்றிவிட்டது.

வாத்து வந்தது. கேசரி தின்றது. தாம்பாளத்தில் வந்த தவளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது.

"இது யாரு தம்பி?"

"படத்துல பார்த்த அதே தவளைதான் ஐயா. குளிச்சிருக்கு."

"படத்துல இருநூறு வருஷத்து அழுக்கு இருந்துச்சே?"

"ஒரு பொட்டு விடல ஐயா!" என்றது தேவாங்கு, நெஞ்சை நிமிர்த்தி.

வாத்து பெருமூச்சு விட்டது. "கல்லு எங்க ஊர் ஆத்தோரமெல்லாம் கிடக்கு. நான் மலை தாண்டி வந்தது அந்த அழுக்குக்குத்தான்." போர்வையைச் சுருட்டி இறக்கைக்கடியில் வைத்துக்கொண்டு எழுந்தது.

உள்ளே குட்டி இருமியது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்தேவாங்கு தலை நிமிர்ந்தது. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு சட்டி தேய்ச்சிருப்பீங்களா? தேய்ச்ச ஒரே சாமான் இதுதானா?" என்று தேவாங்கு தேய்த்துப் போட்டிருந்த தேங்காய் நாரை எடுத்து வீசியது.

தேவாங்கு குனிந்துகொண்டது. வாழ்க்கையில் அது ஒழுங்காகப் பழகியிருந்த காரியம் அது ஒன்றுதான். நார் வாத்தின் மார்பில் போய் அப்பியது.

வாத்து அந்தத் தேங்காய் நாரை எடுத்தது. முகர்ந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. அதன் கண் கலங்கிவிட்டது.

"இருநூறு வருஷமும் இதுலதான் இருக்கு."

நார்க் கற்றையைத் தான் கொண்டுவந்திருந்த வெல்வெட் பெட்டிக்குள் படுக்க வைத்தது. போர்வையை நீட்டியது.

"அப்போ தவளை?"

"நீங்களே வெச்சுக்குங்க. குட்டிக்குச் சுக்கு தட்ட ஆகும்."

பெண்தேவாங்கு போர்வையோடு உள்ளே ஓடியது. தேவாங்கு மட்டும் வாத்தின் பின்னால் நாலடி ஓடியது. "ஐயா, நானும் குளிச்சு ஆறு மாசம் ஆகுது!"

வாத்து திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அசைந்து அசைந்து நடந்து போயிற்று.

நீதி: வீட்டுக்காரர்மேல் எதையாவது எறிவதாக இருந்தால் விருந்தாளி இருக்கும்போது எறியவும். குறி தப்பினால்தான் மதிப்புத் தெரிந்தவர்மேல் படும்.