இழுக்காத முன் சக்கரங்கள்

சைனிக்புரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை மணிவண்ணனுக்கு, மாமா ஜெயராம் எழுதுவது. இங்கே என்னையும் ஜீப்பையும் தவிர அனைவரும் நலம். கோயம்புத்தூரில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க முருகன் அருள்வான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் அக்கா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காரணம் நீ. ரிட்டயர் ஆனவன், நான் பாட்டுக்கு ஒரு சின்னக் கார் வாங்கியிருப்பேன். "நாலு சக்கரமும் இழுக்கும் மாமா, சேறாவது மேடாவது!" என்று சொல்லி, அடுத்த தெரு மேஜரின் பழைய ஜீப்பை என் தலையில் கட்டி, நீயே சந்தனம் குங்குமம் அப்பிப் பூஜையும் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஆயில் ஊற்றுவதே உத்தியோகம். கியர் பாக்ஸுக்கு ஒன்று, அதை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு ஒன்று, பின் அச்சுக்கு, முன் அச்சுக்கு, போதாததற்கு ஜாயின்ட் தோறும் கிரீஸ். முன் பக்கம் சும்மாதானே உருள்கிறது, அதற்கு எதற்கு என்று உப்பல் மெக்கானிக் யூசுப்பிடம் கேட்டால், "சும்மா கிடந்தாத்தான் சார் சீல் காஞ்சு போகும், நக்கோ, வேணாம்னு சொல்லாதீங்க" என்கிறார். சும்மா இருப்பதற்கே செலவு வைப்பதை இதற்கு முன் உன் சித்தப்பாவிடம்தான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறன்று நண்பர் தினேஷ் வீட்டுப் புதுமனை புகுவிழா. மழையில் லேஅவுட் முழுக்கச் சேறு. எல்லாரும் காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்தார்கள். பட்டுப்புடவையோடு இருந்த உன் அக்காவிடம், "நீ இறங்காதே, நம்மகிட்ட ஜீப் இருக்கு" என்று சொல்லி லிவரை நாலு சக்கரத்துக்குப் போட்டேன். பின் சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின, முன் சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. கடைசியில் ஒரு தண்ணீர் டேங்கர் கயிறு கட்டி இழுத்தது. "ஃபோர் வீல் கதா சார்?" என்று, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்ற அர்த்தத்தில், அந்த டிரைவர் தெலுங்கில் கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. முழங்கால் வரை சேற்றோடு நின்ற உன் அக்கா, "தம்பி வந்து இந்த வண்டியை எடுத்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள்.

ஆகவே சனிக்கிழமை வா. வரும்போது வெறுங்கையோடு வா, போகும்போது ஜீப்போடு போ. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஜெயராம்

பின்குறிப்பு: உன்னிடம் ஒப்படைக்க வேண்டுமே என்று ஜீப்பைக் கழுவினேன். முன் சக்கரங்களின் நடுவில் நீ அப்பிய சந்தனமும், அதன்மேல் வெள்ளிதோறும் உன் அக்கா அப்பியதும் அடை அடையாகப் பெயர்ந்து விழுந்தன. அடியில் சக்கரத்துக்கு ஒரு திருகு குமிழ். ஒரு பக்கம் 'லாக்', மறுபக்கம் 'ஃப்ரீ'. இரண்டுமே 'ஃப்ரீ'யில் இருந்தன. யூசுப்பைப் போனில் கேட்டால், 'லாக்'குக்குத் திருப்பினால்தான் முன் சக்கரம் இழுக்குமாம். திருப்பினேன். பார்த்துக்கொண்டே நின்ற உன் அக்கா தானாகவே வந்து ஏறினாள். அதே சேற்றில் இறக்கினேன், ஜீப் அலட்டிக்கொள்ளாமல் மேலே ஏறி வந்தது. "தம்பிக்கு எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதியாச்சு என்றேன். "வண்டியைக் குடுக்க முடியாதுன்னு எழுதுங்க. அவன் வந்தா பஸ்ல போகட்டும்."

ஆகவே சனிக்கிழமை வராதே. வந்தால் சந்தனத்தைத் தொடாதே.