ஒரு விரற்கடைப் பெரும்போர்

வாழ்க கார்பின் ஹாவர்காம்ப்! அயோவா நாட்டுச் சோளக்கடல் ஈன்ற செம்முத்து, பதினெட்டு அங்குல வெண்கல வட்டங்கள் இரண்டை இரு கரங்களில் ஏந்திய இணைத்தட்டு ஏந்தல், வெயில் களிம்பை மூக்கின் மேல் மட்டும் வெண்திலகமாகத் தீட்டிய தீரன், இருபத்தொரு பிராயம் நிரம்பியும் தன் காலுறைகளுக்குச் சோடி காண வழியறியாத சுத்த வீரன், வாழ்க! அவன் புகழைப் பாட ஆயிரம் நாவு வேண்டும். அவன் செய்த காரியத்தைச் சொல்ல அரை நாவு போதும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் தன்மானம் என்று பெயர் சூட்டி இத்தனை அற்பமான ஒன்றை இத்தனை பாடுபட்டுக் காத்தவன் அந்தக் கோடையில் வேறு எவனும் இல்லை.

வபாஷ் செம்பருந்துகள் என்பது அவன் சேர்ந்திருந்த அணிவகுப்பு வாத்தியப் படை. நூற்றைம்பது இளையோர், ஆறு பேருந்துகள், ஒரு சமையல் லாரி. பகலெல்லாம் வெயிலில் வாசித்து நடந்து, பள்ளிக்கூட விளையாட்டுக்கூடங்களின் தரையில் காற்று மெத்தை விரித்துப் படுத்து, காலையில் எழுந்து ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவித் தின்று, கால்பந்துத் திடலில் பதினொரு நிமிடக் காட்சி ஒன்றை நடத்தி நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும் மாபெரும் தவக்கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் பித்தளைக் குழலோர் அரசர். ஸ்னேர் முழக்குவோர், கழுத்தில் பட்டை மாட்டி மார்புக்குக் கீழே சிறுமுரசு சுமக்கும் அந்த ஒன்பது பேர், அரசரையும் மதியாத அந்தணர். பெருமுரசு சுமப்போர் உழைப்பாளிகள். எல்லோருக்கும் கடைசியில், அணிவகுப்பின் வால்நுனியில், இணைத்தட்டு ஏந்தும் நால்வர், சிம்பல் வரிசை.

அந்த நால்வரின் தொழில் என்ன? பதினொரு நிமிடத்தில் பத்தொன்பது முறை 'ஜல்' என்று மோதுவது. எஞ்சிய நேரமெல்லாம் தட்டுகளைச் சுழற்றிப் பார்ப்போர் கண்ணில் வெயிலை வீசுவது. பிறகு, நான்காம் நிமிடத்தில், அவர்களுடைய பிறவிப் பயன்: நால்வரும் திரும்பி, ஸ்னேர்காரர் நால்வரின் முகத்துக்கு நேராகப் பின்னோக்கி நடந்தபடி, இரு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடித்து, தாளத்துக்குத் தாளம் சற்றே திறந்து மூடிக்கொடுக்க வேண்டும். அதன் மீது ஸ்னேர்காரர் தம் குச்சியால் தட்டுவார். பன்னிரண்டு ஆவர்த்தம். அடிப்பவன் அவன், புகழும் அவனுக்கு. கை வலி மட்டும் ஏந்தியவனுக்கு.

கார்பினுக்கு எதிரே விதி கொண்டுவந்து நிறுத்தியவன் டிரெண்டன் ஒலெக்சி, ஸ்னேர் வரிசையின் நடுநாயகம், பேச்சில் கஞ்சன், குச்சியில் வள்ளல். மே மாதப் பயிற்சி முகாமின் மூன்றாம் நாள், உச்சி வெயிலில், அவன் கார்பினின் முகத்தை ஏறிட்டும் பாராமல், நீட்டிய தட்டின் அடியில் தன் குச்சி முனையால் இரண்டு தட்டுத் தட்டி, "கொஞ்சம் மேல" என்றான். அவ்வளவுதான். சுவரில் மாட்டிய பலகையைத் தச்சன் நிமிர்த்துவதுபோல் அவனை நிமிர்த்திவிட்டான் என்று கார்பினின் நெஞ்சம் கொதித்தது, குமுறியது, நுரைத்தது. காவிரிக்கும் கங்கைக்கும் வராத வெள்ளம் அவன் காதுமடலில் வந்து சிவந்தது.

அன்று மதியமே சமையல் லாரியின் பின்புறம், ஏனைய சிம்பல் வீரர் மூவரும் சூழ, ரொட்டித்துண்டு ஏந்திய, தட்டு பிடிக்கும் கையுறையைக் கழற்றாத வலக்கையை விண்ணோக்கி உயர்த்தி அவன் சூளுரைத்தான்.

"கேட்டுக்குங்க! அந்த ஒலெக்சி என்கிட்ட வந்து, என் மூஞ்சியப் பாத்து, தயவுசெஞ்சுன்னு கேக்கற வரைக்கும், இந்தக் கையுறைய நான் துவைக்க மாட்டேன்! இது சத்தியம்!"

"மொதல்ல வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு" என்றாள் ஜோயெல். அவள் பத்தொன்பது வயதுக்காரி, வரிசையில் அவனுக்கு அடுத்து நிற்பவள், நால்வரில் உண்மையாகவே நன்றாக வாசிப்பவளும் அவளே. "அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான்டா. நேத்து தண்ணி குடத்தப் பாத்துக்கூட 'கொஞ்சம் மேல'ன்னான்."

"குடமும் நானும் ஒண்ணா?"

"குடம் துவைக்காம நாறாது."

மூவரும் சிரித்தனர். மாவீரர்கள் நகைப்பை மதிப்பதில்லை.

ஆகப் போர் மூண்டது. வில்லோ வேலோ வேண்டாத போர், உயரமே ஆயுதம். வாரத்துக்கு ஒரு விரற்கடை தட்டைத் தாழ்த்துவது என்று கார்பின் வியூகம் வகுத்தான். இடுப்புப்பட்டைக்கு நேராக நின்ற வெண்கலம் ஜூன் முதல் வாரத்தில் ஒரு விரல் இறங்கியது. இரண்டாம் வாரத்தில் இரண்டு. ஒலெக்சி வாய் திறந்து கேட்கட்டும், அப்போது பார்ப்போம் என்று காத்தான். ஒலெக்சி கேட்கவில்லை. மணிக்கட்டைத் தாழ்த்தினான். மூன்றாம் விரலில் முழங்கையைத் தளர்த்தினான். ஐந்தாம் விரலில் முழங்காலை மடக்கி, கழுத்தில் தொங்கும் முரசோடு வாத்துபோல் நடக்கலானான். "பணிகிறான் பகைவன்! மண்டியிடும் நாள் தொலைவில் இல்லை!" என்று கார்பினின் உள்ளம் முரசறைந்தது. ஒகாயோவில் ஒரு விரல், இலினாயில் ஒரு விரல், டென்னசியில் இடிமழைக்கு நடுவே அரை விரல் என்று ஊர்தோறும் வெற்றிக்கொடி நாட்டினான். கையுறையோ நாற்றத்தால் தனியே எழுந்து நடக்கும் தகுதி பெற்றுவிட்டது. பேருந்தில் அவனுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

ஜூலை இறுதியில் ஒரு நாள், முரசணியின் ஆசான் ரெனாட்டா ஃபிஸ்டர் பயிற்சியின் நடுவே விசிலை ஊதினாள். இருபது கோடைகள் வெயிலில் கத்திக் கத்திக் குரல் கருகிய அந்த அம்மையாரின் விசிலுக்கு நூற்றைம்பது பேரும் நின்றனர்.

"என்ன கண்ணுங்களா, ரெண்டு பேரும் சேந்து உக்காரப் போறீங்களா? நாற்காலி கொண்டாரச் சொல்லட்டுமா?"

வெண்கலத் தட்டு தொடைக்கு நேராக நின்றது. எதிரே ஒலெக்சி அரைக்குந்தலில் நின்றான்.

அவள் சிம்பல் நால்வரையும் நிழலுக்கு அழைத்தாள். ஏளனத்தை விட்டுவிட்டுப் பேசினாள்.

"ஒளிக்காம சொல்றேன். பெரிய படைங்க எல்லாம் சிம்பல் வரிசைய எப்பவோ எடுத்துட்டாங்க. நம்ம டைரக்டரும் அடுத்த வருஷத்துக்கு அதத்தான் யோசிக்கறாரு. நாலு எடத்துல நாலு டிரம்பெட் வெச்சுக்கலாங்கறாரு. நாம இறுதிப் போட்டிக்குப் போற பன்னண்டு படையில ஒண்ணா வந்தா, நான் உங்களுக்காக அவர்கிட்டப் பேசுவேன். எனக்குச் சிம்பல் வேணும். அது இல்லாம முரசணி மொட்டையா இருக்கும். ஆனா உங்களால மதிப்பெண் போச்சுன்னா, பேச எனக்கு வாயே இருக்காது. புரியுதா?"

"புரியுது" என்றாள் ஜோயெல், மற்றவர் யாரும் வாய் திறக்குமுன். அவளுக்கு இன்னும் இரண்டு கோடைகள் பாக்கி. இருபத்திரண்டு ஆனவருக்குப் படையில் இடமில்லை என்பதால் கார்பினுக்கு இதுவே கடைசி. வரிசை இருந்தாலும் போனாலும் அவனுக்கு ஒன்றுதான். இந்தக் கணக்கு அவன் மூளையில் ஏறவில்லை. ஏறுவதற்கு அங்கே இடமும் இல்லை, முழுக்க ஒலெக்சி உட்கார்ந்திருந்தான்.

ரெனாட்டா அவன் சீருடைச் சட்டையில் இடுப்புக்கு நேராகப் பச்சை நூலால் ஒரு கோடு தைத்துவிட்டாள். "இதுதான் உயரம். மேலயும் இல்ல, கீழயும் இல்ல." பத்து நாள் அந்தக் கோட்டில் அமைதி நிலவியது. பத்து நாளும் சிறையுண்ட சிங்கமென அவன் பொருமினான். தொடையோரம் பழகிய கைகளோ இடுப்பளவில் நிற்க மறுத்து நடுங்கின.

வந்தது ஆகஸ்டு, வந்தது இண்டியானாபொலிஸ், வந்தது, இறுதிக்குரிய பன்னிரு படைகளைத் தெரிந்தெடுக்கும் அந்தப் பிற்பகல். கூரை மூடிய பேரரங்கில் பதினையாயிரம் கண்சோடிகள் விழித்திருக்க, செம்பருந்துகள் களம் புகுந்தனர். குழல்கள் கூரையை உலுக்கின. கொடியேந்திய மங்கையர் காற்றைக் கிழித்தனர். முதல் மூன்று நிமிடம், பகையை ஒதுக்கிச் சொன்னால், உண்மையிலேயே அழகாக இருந்தது. ஜோயெலின் கைகளில் வெண்கலம் பறவைபோல் விரிந்து மூடியபோது அரங்கில் ஓர் ஓரமாக யாரோ எழுந்து நின்று கத்தினார்கள்.

நான்காம் நிமிடம். நால்வரும் திரும்பினர். கார்பின் தட்டுகளைப் பச்சைக் கோட்டுக்கு நேராக நீட்டினான். ஆறாம் ஆவர்த்தத்தில் அவன் கை நடுங்கியது. வெண்கலம் சற்றே தள்ளாடியது. அப்போதுதான் அது நிகழ்ந்தது. ஒலெக்சியின் இடக்கைக் குச்சி தட்டின் அடியில் புகுந்து, மெல்ல, ஒரு நூலளவு, மேலே தள்ளியது.

அடடா! அடங்கிய எரிமலை வெடித்தது என்பதா, அவிந்த அடுப்பில் எவனோ ஊதினான் என்பதா? மே மாதத்து அவமானம், அன்று முதல் துவைக்காத கையுறை, பத்து நாள் பச்சைக் கோட்டுச் சிறை, யாவும் திரண்டு அவன் மணிக்கட்டில் இறங்க, தாழ்த்தினான் தட்டை! எவ்வளவு? ஒரே ஒரு விரற்கடை! விளிம்பை நோக்கிப் பாய்ந்த ஒலெக்சியின் வலக்கைக் குச்சி இலக்கிழந்து, திறந்திருந்த இரு தட்டுகளின் நடுவே நுழைந்தது. நுழைந்த கணமே கார்பின் மூடினான், முதலையின் வாய்போல் மூடினான், மூடியவன் திறக்கவில்லை.

இழுத்தான் ஒலெக்சி. விடவில்லை கார்பின். முரசுகள் முழங்க, குழல்கள் முழங்க, பதினையாயிரம் பேர் பார்க்க, பதினேழு அங்குல மரக்குச்சி ஒன்றுக்காக இரண்டு தடிமாடுகள் கயிறில்லாமல் கயிறிழுத்தனர். ஒரு தாளம், இரண்டு தாளம், மூன்று தாளம். திடலுக்குள் நடந்தபடி ஒலிவாங்கியில் கருத்துரைக்கும் முரசு நடுவர் நின்றே விட்டார். "ஸ்னேர்ல என்னமோ... இருங்க... யாரோ குச்சியத் திருப்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க!" என்று அவர் குரல் நாடாவில் நிரந்தரமாகப் பதிந்தது.

நான்காம் தாளத்தில் கார்பின் திறந்தான். ஒலெக்சி முரசோடு பின்னோக்கிச் சென்று, உலகில் எவரும் எழுதாத இடத்தில் பெருமுரசில் முதுகால் ஒரு 'டம்' வாசித்துவிட்டு விழுந்தான். குச்சி வானில் மூன்று சுற்றுச் சுற்றி, பச்சைத் தரையில் உருண்டு, நடுவரின் காலணியைத் தொட்டு நின்றது. வென்றான் ஹாவர்காம்ப்!

ஒரு மதிப்பெண்ணில் இருபதில் ஒரு பங்கு குறைந்து, செம்பருந்துகள் பதின்மூன்றாம் இடம் பெற்றனர்.

பேருந்துகள் நின்ற தார்வெளியில், வெயில் இன்னும் இறங்காத வேளையில், ஒலெக்சி அவனைத் தேடி வந்தான். வாழ்வில் முதன்முறையாக முகத்தைப் பார்த்தான்.

"ஏன்டா கீழ எறக்குன?"

"நீ ஏன்டா அடியிலேர்ந்து தள்ளுன?"

"உன் கை நடுங்குச்சுடா. தாங்கிக் குடுத்தேன்."

கார்பின் கேட்டான்: "அப்ப மே மாசம் தட்டுனது?"

"மே மாசமா?" ஒலெக்சி நெற்றியைச் சுருக்கி, நேர்மையாகவே யோசித்தான். "ஞாபகம் இல்லையே. உனக்குத் தோள்ல ஏதோ கோளாறு, தூக்க முடியல போலன்னுதான் நான் நெனச்சேன். சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சும்மா இருந்தேன். முட்டி மடக்கி வாசிச்சு வாசிச்சு எனக்கு எடது முட்டி போச்சு."

"நீ... எனக்காகவா குனிஞ்ச?"

"பின்ன? வேற எதுக்குடா ஒருத்தன் அப்படி நடப்பான்?"

அவன் நொண்டியபடி போனான். பெரும்பகைவன் என்று கோடை முழுவதும் இவன் வளர்த்த அரக்கன், வெறும் நல்ல பையன்! ஒன்பது வாரப் போரில் ஒரு பக்கம்தான் படை இருந்தது. எதிர்ப்பக்கம் பரிதாபம் மட்டுமே நின்று வாசித்துக்கொண்டிருந்தது. வெட்கம் கார்பினைப் பிடுங்கித் தின்றது. தின்னட்டும்.

பேருந்துப் படியில் ஜோயெல் உட்கார்ந்து, தட்டுகளின் வார்முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவன் அருகில் போனான்.

"ஜோயெல், நான் ரெனாட்டாகிட்டப் பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லு."

"டைரக்டர்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லு. உனக்கு இன்னிக்கோட முடிஞ்சுது." அவள் முடிச்சை விட்டுத் தலை நிமிரவில்லை. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருந்துச்சுடா."

சூளுரைத்த சூரனே, கையுறைக் காவலனே, குச்சி கவர்ந்த கோமானே! உன் வாகைமலர் வாடாதிருக்க, உன் விரற்கடை வெற்றியை வெண்கலத்தில் பொறித்து, வருங்காலத் தாளப்படையெல்லாம் உன் திருப்பெயர் சொல்லி அணிவகுக்க, அவர்தம் அணிநடையால் நிலம் அதிர, முரசெலாம் முழங்க, திசையெலாம் நின் சிறப்பே ஒலிக்க வேண்டும் என்று வாழ்த்தலாம்தான், ஆனால் அடுத்த வருடம் சிம்பல் வரிசையையே எடுத்துவிட்டு, தட்டுகளைக் கம்பியில் மாட்டிவிட்டார்கள்.